ஒன்பது மூட்டை ஆவாரம்பூ

நேற்று உங்கள் அலுவலகத்தில் கொடுத்த காபி நன்றாக இருந்தது. அருப்புக்கோட்டையில் சீனி விஷயத்தில் கையைச் சுருக்குகிறவர்கள்தான் அதிகம்; உங்கள் பியூன் தாராளமாகப் போட்டிருந்தார். இரண்டாவது தம்ளரை நானாகவே கேட்டு வாங்கிக் குடித்தேன். விசாரணைக்கு வந்தவன் இப்படியா நடந்துகொள்வது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். காலையிலிருந்து பசி, வேறு காரணம் இல்லை.

இரண்டு கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் தரச் சொன்னீர்கள். முதல் கேள்வி, ஆய்வுக்கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் ஒன்பது துணிமூட்டைகள் என்ன என்பது. அது ஆவாரம்பூ. நிழலில் உலர்த்தியது. குருவியேந்தல் செல்லக்கிளி வருடத்துக்கு ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தது. ஆய்வுக்கூடத்துக்குள் எது வந்தாலும் பெயரும் தேதியும் எழுதிச் சீட்டு ஒட்டாமல் நான் உள்ளே வைப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் மூட்டைகளிலும் ஒட்டியிருக்கிறேன். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள். திருச்சுழி போகிற சாலையில் இரண்டு பக்கமும் ஆவாரைதான் பூத்துக் கிடக்கிறது.

இரண்டாவது கேள்வி, செல்லக்கிளியின் உடம்பில் டைபாய்டு கிருமி இருப்பது எனக்கு எந்தத் தேதியில் தெரியும் என்பது. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. எங்கள் தொழிலில் தெரிவது என்பது படிப்படியாக நடக்கிற காரியம். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் ராஜகுரு, வயது நாற்பத்தாறு. அப்பாவுக்கு இதே ஊரில் நூல்கடை. கடையில் உட்கார வேண்டிய மூத்த பிள்ளை பூச்சி புழு பார்க்கப் போய்விட்டான் என்று உறவுக்காரர்கள் இன்னும் கேலி பேசுவார்கள். சென்னையில் மருத்துவம் முடித்து, கிருமிகளைப் பற்றிய மேற்படிப்பும் படித்தேன். 1965-ல் குடல் காய்ச்சல்களை ஆராய இங்கே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் திறந்தபோது, உள்ளூர்க்காரன் என்று என்னைப் பொறுப்பில் போட்டார்கள். இரண்டு அறை, ஒரு இன்குபேட்டர், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு டெக்னீசியன். டெக்னீசியன் பெயர் பொன்ராஜ். உங்களுக்கு மனு எழுதியது அவர்தான் என்று எனக்குத் தெரியும். நல்ல வேலைக்காரர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

டைபாய்டு கிருமிக்குப் பித்தநீர் பிடிக்கும். மற்றக் கிருமிகள் அதில் சோர்ந்துபோகும், இது தழைக்கும். அதனால் நோயாளியின் ரத்தத்தைப் பித்தநீர் சேர்த்த குழாயில் விட்டு வளர்ப்போம். காலையில் கறிக்கடைக்குப் போய் மாட்டின் பித்தப்பை வாங்கிவருவது பொன்ராஜின் வேலை. மனிதர்களிலும் இதே கதைதான். காய்ச்சல் வந்து பிழைத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருடைய பித்தப்பையில் கிருமி குடியேறிவிடும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. உண்பார்கள், உறங்குவார்கள், காட்டு வேலைக்குப் போவார்கள். மலத்தில் வெளியேறும் கிருமி கையில் ஒட்டும், கை தொட்டதில் ஒட்டும். கழுவினால் போகும்தான். ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு அரை மைல் நடக்கிற ஊரில் கை எவ்வளவு கழுவப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

குருவியேந்தல் திருச்சுழி சாலையிலிருந்து உள்ளே மூன்று மைல். கரிசல் பூமி, அறுபது வீடு. 1966 சித்திரையில் அங்கே ஒன்பது பேருக்கு விஷக்காய்ச்சல் என்று தகவல் வந்து போனேன். யாராக இருந்தாலும் முதலில் ஊருணியைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் நாலு கரையிலும் தண்ணீர் எடுத்துவந்து பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு தாளில் ஊரை வரைந்து, காய்ச்சல் வந்த வீடுகளில் புள்ளி வைத்து, போன மாதம் யார் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடுவீடாகக் கேட்டேன். ஒன்பது பேரும் சொன்ன ஒரே பதில், பங்குனி கடைசி வெள்ளியன்று இருளப்பசாமி கோயிலில் செல்லக்கிளி கொடுத்த துள்ளுமாவு.

செல்லக்கிளிக்கு அப்போது இருபத்தேழு வயது. புருஷன் ஆண்டிச்சாமிக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். 1964-ல் அவளுக்கே விஷக்காய்ச்சல் வந்து நாற்பது நாள் படுத்துக் கிடந்து எழுந்திருக்கிறாள். மறு வருடம் அவளுடைய மூத்த மகன் அதே காய்ச்சலில் செத்துப்போனான். அதன் பிறகு பிறந்தது பேச்சி. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று இருளப்பசாமிக்கு நேர்ந்துகொண்டாள். உயிருள்ளவரை ஒவ்வொரு பங்குனியும் ஊருக்கெல்லாம் தன் கையால் துள்ளுமாவு.

பச்சரிசியை ஊறப்போட்டு உரலில் இடித்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துப் பிசைந்தால் துள்ளுமாவு. அடுப்பில் ஏறாது. அந்த ஊர் வழக்கப்படி நேர்ந்தவள் கைதான் அதில் படவேண்டும். கரண்டி ஆகாது, உதவிக்கு இன்னொரு கையும் ஆகாது. உருண்டை பிடித்து அவளே ஒவ்வொருவர் கையிலும் வைப்பாள். பிள்ளைகளுக்கு இரண்டு. வாங்கியவர்கள் அவள் கண்ணெதிரே தின்ன வேண்டும். யாராவது மறுத்தால் நேர்த்தி பழுதாகிவிடும் என்பதால் பகையாளிகூட அன்றைக்குக் கையை நீட்டுவான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் சாமியே விலக்குக் கொடுத்திருக்கிறது என்பார்கள். அவர்கள் ஒரு ஓரமாக நின்றுகொள்வார்கள்.

1967 ஏப்ரல் ஏழாம் தேதி, பங்குனி கடைசி வெள்ளி, நானும் போனேன். என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தாம்பாளத்தோடு வரிசையில் வந்தவள் என் முன்னால் நின்றாள். மஞ்சள் சேலை, ஈரத்தலை, முழங்கைவரை மாவு. ஒரு வயதுப் பேச்சி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தது.

"கைய நீட்டுங்க டாக்டரய்யா," என்றாள்.

"எனக்குச் சர்க்கரை, தாயி," என்றேன்.

"அடப் பாவமே, இந்த வயசுலயா. ஆவாரம்பூவக் கொதிக்கவச்சுக் குடிங்க. நானே பறிச்சுக் காயப்போட்டுக் கொண்டாந்து தாரேன்."

சொன்ன சொல் தவறவில்லை. பத்து நாள் கழித்து முதல் மூட்டையோடு பஸ்ஸேறி வந்தாள். அந்த வாரக் கடைசியில் ஊரில் காய்ச்சல் தொடங்கியது. பதினாலு பேர். இரண்டு பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் அவசரப்படக் கூடாது. அப்போது எனக்குச் சந்தேகம் மட்டுமே இருந்தது. சந்தேகம் வேறு, தெரிவது வேறு. அவள்தான் காரணம் என்றால், தினமும் அவள் கையால் உண்ட பேச்சிக்கு ஏன் வரவில்லை? இது நியாயமான கேள்வி. நான் இதை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்த வருடம் ஜூனில் ஊரில் பாதிப் பேருடைய மலத்தைச் சோதனைக்கு வாங்கினேன். செல்லக்கிளியினுடையதும் அதில் ஒன்று. கிருமி வளர்க்கிற தட்டில் அவளுடைய டைபாய்டு கிருமி கறுப்புப் புள்ளிகளாக, உலோகம்போல மினுங்கிக்கொண்டு வந்தது. பொன்ராஜ் பார்த்துவிட்டு, "சார், அந்தம்மாகிட்டச் சொல்லீரலாமா?" என்று கேட்டார். ஒரே ஒரு சோதனையை வைத்து ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போடக் கூடாது என்றேன். அது சரியான பதில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

1968-லும் அவளுடைய சோதனைத் தட்டில் கிருமி வந்தது. 1969-லும் வந்தது. ஆனால் அவளுடைய கிருமியும் காய்ச்சல்காரர்களின் கிருமியும் ஒரே வகையா என்று யாருக்குத் தெரியும்? அதைப் பிரித்துச் சொல்லும் வசதி அப்போது டெல்லியில்தான் இருந்தது. ஒரு வருடத்துக் கிருமியை அனுப்பினால் தற்செயல் என்பார்கள். ஐந்து வருடத்துக் கிருமிகளையும் சேர்த்து அனுப்பினால்தான் அர்த்தம் இருக்கும். ஆகவே காத்திருந்தேன். 1971-ல் குழாய்களைப் பஞ்சு சுற்றித் தகரப் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பினோம். ஆகஸ்டு இருபத்துமூன்றாம் தேதி பதில் வந்தது. எல்லாம் ஒரே வகை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விஞ்ஞானப்படி நான் தரக்கூடிய தேதி அதுதான்.

அதன் பிறகும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். வெளிநாடுகளில் இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்த உடனே பிடித்துத் தனியாக வைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு ஆளிடமிருந்து இந்த நோய் வருடா வருடம் எப்படிப் பரவுகிறது, எந்த வயதுக்காரரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது என்பதை முழுசாகப் பார்த்தவர் கிடையாது. எனக்கு அது அமைந்தது. அறுபது வீடு, ஒரு கை, ஒரு நாள். இந்த மாதிரி ஒரு சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. நான் நடத்தவில்லை. அதுவாக நடந்தது, நான் குறித்துக்கொண்டேன். முந்தைய வருடம் காய்ச்சல் கண்டவர்களுக்கு மறுபடி வரவில்லை. புதிதாக வளர்ந்துவந்த பிள்ளைகளுக்குத்தான் வந்தது. இது அதற்கு முன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராத விஷயம். 1972-ல் கட்டுரை வெளிவந்தது. அதில் அவள் பெயர் கிடையாது. 'பெண், வயது 33, விவசாயக் குடும்பம்' என்றுதான் இருக்கும். டெல்லிக் கூட்டத்தில் வாசித்தபோது கை தட்டினார்கள்.

அவளுக்குப் பித்தப்பையை எடுத்திருக்கலாம். மதுரையில் அந்த அறுவை நடக்கிறது. ஆனால் கிராமத்துப் பெண், கத்தி என்றால் பயந்திருப்பாள். நான் கேட்டுப் பார்க்கவில்லை. மாவை வேறொருவர் பிசையட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நேர்த்திக்கடன் அவளுக்கும் சாமிக்கும் இடையில் உள்ளது. படித்தவன் என்ற திமிரில் அதில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது.

இன்னொன்றும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு என்னைப்போல வைத்தியம் பார்த்தவர் கிடையாது. ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதமே குளோரம்பெனிகால் மாத்திரைக்கு எழுதிப்போட்டு வாங்கி வைத்துவிடுவேன். ஏப்ரல் கடைசியில் காய்ச்சல் கண்ட வீட்டுக்கு மறுநாளே மாத்திரை போய்விடும். பக்கத்து ஊர்களில் இதே காய்ச்சலுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கெடுதல் நினைக்கிறவன் மருந்தை முன்கூட்டியே சேர்த்து வைப்பானா?

1973-ல் பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயது. செல்லக்கிளி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு, பக்கத்து அறையில் கட்டில் போட்டுக் கிடத்தி, மாத்திரையை ஆரம்பித்தேன். நாலாம் நாள் தட்டைத் திறந்து பார்த்தேன். மருந்து தோய்ந்த காகித வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வெற்று வளையம் விழ வேண்டும். விழவில்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தது. மாத்திரைக்கு அசையாத டைபாய்டு இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் காணாதது. அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுத விரும்பவில்லை.

தட்டில் தெரிவது உடம்பிலும் அப்படியேதான் நடக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு அதே மாத்திரையை இன்னும் நான்கு நாள் கொடுத்துக் காய்ச்சல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இறங்கவில்லை. பொன்ராஜ் அந்த நான்கு நாளும் என்னிடம் பேசவில்லை. எட்டாம் நாள் மதுரையிலிருந்து வேறு ஊசிமருந்து வரவழைத்தேன். அது வந்து சேர்ந்த அன்று பிள்ளையின் வயிறு பலகைபோல இறுகிவிட்டது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

அன்று மத்தியானம் செல்லக்கிளி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை.

"எம்மேல ஏதும் குத்தம் இருக்கா டாக்டரய்யா? மூத்தவனும் இப்படித்தான் போனான். நேர்த்தியில ஏதும் பெசகிட்டனா? எதாருந்தாலும் சொல்லுங்க, நாந் தாங்கிக்கிருவேன்."

அலமாரியில் அவள் பெயர் எழுதிய குழாய்கள் இருபத்தாறு இருந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல தாயி," என்றேன். "போயிப் பிள்ள பக்கத்துல இரு."

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். உன் கையால்தான் இரண்டு பிள்ளைகளும் போனார்கள் என்று கேட்டுவிட்டு எந்தத் தாய் உயிரோடு இருப்பாள்? பேச்சி சாயங்காலம் இறந்தது. ஆண்டிச்சாமி வந்து துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு என்ன தோன்றியது என்று பொன்ராஜ் பிற்பாடு ஒருமுறை கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதல்லவா, அப்படி இருந்தது.

பேச்சிக்காகத்தான் நேர்த்தி. பேச்சி இல்லையென்றால் நேர்த்தியும் இல்லை. எட்டு வருடமாக வந்த வரிசை அறுந்துவிடுமே என்று எனக்குக் கவலை வந்தது. 1974 மாசியில் நானே குருவியேந்தல் போய் விசாரித்தேன். செல்லக்கிளி பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் மாவு உண்டா என்று கேட்டேன்.

"உண்டுய்யா. எனக்குத்தான் குடுத்து வைக்கல. ஊர்ப் பிள்ளைகளாச்சும் நல்லா இருக்கட்டும். இனிமே அதுகளுக்காகச் செய்யிறேன்," என்றாள். பிறகு, "ஒங்களுக்குச் சர்க்கர எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"கொறஞ்சிருக்கு," என்றேன். "எல்லாம் நீ குடுத்த ஆவாரம்பூவுலதான்."

அவள் முகம் மலர்ந்தது. பேச்சி போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த வருடம் பதினாறு பேருக்குக் காய்ச்சல், மூன்று சாவு. 1975-ல் பதினோரு பேருக்குக் காய்ச்சல், ஒரு சாவு. ஆக மொத்தம் 1967-லிருந்து ஒன்பது வருடத்தில் நூற்றுப்பத்துப் பேர் படுத்தார்கள், பேச்சியையும் சேர்த்துப் பதிமூன்று பேர் இறந்தார்கள். நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம்கூட விடுபடவில்லை என்பதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

செல்லக்கிளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் முடிக்க வழியிருந்தால் அப்படிச் செய்யுங்கள். இன்று 1976 பிப்ரவரி இருபத்தேழு. பங்குனி கடைசி வெள்ளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்நேரம் அரிசி சேர்க்கத் தொடங்கியிருப்பாள். அவளைத் தடுக்கப்போவது யார், என்ன காரணம் சொல்லி என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நான் யோசித்துப் பார்த்ததில்லை.

இதை இத்தோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் என் தொழிலில் தேதி தப்பாக இருக்கக் கூடாது. 1971 ஆகஸ்டு இருபத்துமூன்று என்று மேலே எழுதியதை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்வீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மூட்டைகளைப் பற்றி முதல் கேள்வி கேட்டவர் நீங்கள். காபி வந்தபோது என் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவரும் நீங்கள்தான். பொன்ராஜும் சொல்லியிருப்பார். பத்து வருடமாக எனக்கு டீ வாங்கிவந்தவர் அவர்.

முதல் மூட்டையின் சீட்டில் 17-4-67 என்று என் கையெழுத்தில் இருக்கிறது. செல்லக்கிளியின் மலத்தை நான் முதன்முதலாகச் சோதித்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அந்தப் பங்குனி வெள்ளியில் அவள் மாவை நீட்டியபோது என்னிடம் இருந்தது ஊரை வரைந்து ஒன்பது புள்ளி வைத்த ஒரு தாள் மட்டும்தான். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்கள்.

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை.